கோப்பையை மட்டும் எண்ணினால் போதுமா? கிளாடியோ ரனியேரி என்னும் பயிற்சியாளரின் கணக்கு

ஒரு மனிதரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது எளிது. நீதமாகத் தீர்ப்புச் சொல்வது கடினம். நம் வீட்டுப் பிள்ளைகள் இரவு கண்விழித்துக் கால்பந்து பார்க்கிறார்கள். ஆட்டம் முடிந்த மறுகணமே ஒரு பயிற்சியாளரை மேதை என்று தூக்கி வைக்கிறார்கள். மறுவாரம் அதே மனிதரை எதற்கும் உதவாதவர் என்று கீழே போட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. ஊர்ப் பெரியவர்களையும் உறவினர்களையும் உடன் பணிபுரிவோரையும் நாமும் பல வேளைகளில் இப்படித்தான் எடைபோடுகிறோம். கடைசியாக நடந்த ஒன்றை வைத்து, அதற்கு முன் நடந்த அனைத்தையும் அழித்துவிடுகிறோம்.

இந்தப் பழக்கத்துக்கு எளிதில் பிடிபடாத ஒரு மனிதரின் வரலாற்றை இங்கே எடுத்துக்கொள்வோம். இத்தாலியின் ரோம் நகரில் 1951ஆம் ஆண்டு பிறந்த கிளாடியோ ரனியேரி, 1980களின் நடுவிலிருந்து 2025 வரை, இடையிடையே சில இடைவெளிகளுடன், ஏறத்தாழ நாற்பதாண்டுகள் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர். இத்தாலி, ஸ்பெயின், இங்கிலாந்து, பிரான்சு ஆகிய நாடுகளின் கழகங்களையும், கிரேக்க நாட்டின் தேசிய அணியையும் அவர் வழிநடத்தினார். பல இடங்களில் பாராட்டப்பட்டார். பல இடங்களில் பதவி நீக்கப்பட்டார். சில இடங்களில் இரண்டும் ஓராண்டுக்குள் நடந்தன.

2014 நவம்பர் 14 அன்று, அவர் பயிற்றுவித்த கிரேக்க அணி தன் சொந்த மண்ணில் ஃபாரோ தீவுகளிடம் 0-1 எனத் தோற்றது. ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் மட்டுமே வாழும் தீவுக்கூட்டம் அது. மறுநாளே அவர் நீக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 63. அவருடைய காலம் முடிந்துவிட்டது என்றே பலரும் எழுதினர். பதினெட்டு மாதங்கள்கூட ஆகவில்லை; 2016 மே 2 அன்று அதே மனிதரின் லெஸ்டர் சிட்டி அணி இங்கிலாந்தின் பிரீமியர் லீக் வாகையராக உறுதியானது. அதற்குப் பத்து மாதங்களுக்குள், 2017 பிப்ரவரி 23 அன்று, அதே லெஸ்டர் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது.

இம்மூன்றில் எந்த நாளை வைத்து அவரை மதிப்பிடுவது?

எடைபோடும் முறை

பல இடங்களில் பல விதமாகச் செயல்பட்ட ஒருவரை எப்படி மதிப்பிடுவது என்பது புதிய கேள்வியன்று. நபிமொழி அறிவிப்பாளர்களை ஆய்ந்த அறிஞர்கள் இக்கேள்வியை நுட்பமாகக் கையாண்டிருக்கிறார்கள். ஹிம்ஸ் நகரைச் சேர்ந்த இஸ்மாயீல் இப்னு அய்யாஷ் என்னும் அறிவிப்பாளரைப் பற்றி அவர்கள் ஒற்றைச் சொல்லில் முடித்துவிடவில்லை. தம் ஷாம் நாட்டு ஆசிரியர்களிடமிருந்து அவர் அறிவித்தவற்றை ஏற்றனர். ஹிஜாஸ் நாட்டவரிடமிருந்து அறிவித்தவற்றைப் பலவீனமானவை என்றனர். மனிதர் ஒருவர், இடம் வேறு, தீர்ப்பும் வேறு. பந்தாட்டத்தை அப்பெருங்கலையோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. இடமறிந்து எடைபோடும் அந்த ஒழுங்கை மட்டும் இங்கே கடனாகப் பெறுகிறோம்.

ஆகவே, ரனியேரி பணியாற்றிய ஒவ்வோர் இடத்திலும் மூன்று கேள்விகளைக் கேட்போம். அவர் கையில் தரப்பட்டது என்ன? அதை வைத்து அவர் செய்தது என்ன? அவர் விட்டுச் சென்றது என்ன? மூன்றாவது கேள்வியைத்தான் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

கீழிருந்து தொடங்கியவர்

ரனியேரி பெரிய ஆட்டக்காரராக இருந்தவர் அல்லர். தம் ஊர்க் கழகமான ரோமாவுக்காகச் சில ஆட்டங்களே ஆடினார். பின்னர்த் தென்னித்தாலியின் கட்டன்சாரோவில் பல ஆண்டுகள் தடுப்பாட்டக்காரராகக் கழித்தார். பயிற்சியாளராகவும் மிகச் சிறிய கழகங்களிலேயே தொடங்கினார்.

அவர் பெயரை முதலில் நாடறியச் செய்தது சார்டினியா தீவின் காலியரி கழகம். 1988இல் அவர் அங்கே சென்றபோது அது இத்தாலியின் மூன்றாம் பிரிவில் கிடந்தது. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு படிகள் ஏற்றி, 1990இல் அதை முதற்பிரிவில் கொண்டுபோய் நிறுத்தினார். ஏறிய வேகத்தில் இறங்கிவிடாமல், மறு ஆண்டும் அங்கேயே நிலைக்கச் செய்தார். கோப்பைப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இந்த மூன்றாண்டு உழைப்பு பெரிதாகப் படாது. காலியரி மக்களோ அதை முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் மறக்கவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

அடுத்துச் சென்ற நாப்போலியில் கதை வேறு. மரடோனா விலகிச் சென்றபின் தளர்ந்திருந்த கழகம் அது. முதலாண்டில் நான்காம் இடம் பெற்றுத் தந்தார். இரண்டாம் ஆண்டில் முடிவுகள் சரிந்ததும் 1992இல் நீக்கப்பட்டார். முதலாண்டில் தூக்கி நிறுத்துவதும் இரண்டாம் ஆண்டில் சரிவதும் அவர் வாழ்வில் மீண்டும் மீண்டும் வரும். அதை இப்போதே குறித்துக்கொள்வோம்.

ஃபுளோரன்ஸ் நகரின் ஃபியோரென்டினா, 1993இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய நிலையில் அவரை அழைத்தது. 1994இல் அப்பிரிவின் வாகையராக்கி மேலே ஏற்றினார். 1996இல் இத்தாலியக் கோப்பை கிடைத்தது. அதே ஆண்டு, மிலான் அணியை அதன் சொந்தத் திடலிலேயே 2-1 என வென்று இத்தாலிய சூப்பர் கோப்பையும் கிடைத்தது. இங்கே நான்காண்டுகள் இருந்தார் என்பது முக்கியம். இரண்டாம் ஆண்டில் சரிவது அவருடைய மாறாத இயல்பு என்று சொல்லவும் இயலாது. பொறுமையுள்ள இடத்தில் அவர் நிலைத்திருக்கிறார்.

அவர் நட்டதும் பிறர் அறுத்ததும்

1997இல் ஸ்பெயினின் வாலென்சியாவுக்குச் சென்றார். 1999இல் அரசர் கோப்பையின் இறுதியாட்டத்தில் அத்லெட்டிகோ மாட்ரிட்டை 3-0 என வென்றார். அக்கழகத்தைச் சாம்பியன்ஸ் லீக் போட்டிக்குத் தகுதிபெறச் செய்துவிட்டு விலகினார். அவருக்குப்பின் வந்த ஹெக்டர் கூப்பர், 2000, 2001 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அவ்வணியை ஐரோப்பாவின் இறுதியாட்டம் வரை அழைத்துச் சென்றார். கூப்பரின் திறமையை நாம் குறைக்கவில்லை. ஆயினும் அந்த வீட்டின் அடித்தளத்தில் ரனியேரியின் கற்கள் இருந்தன என்பதை மறுக்க இயலாது.

இதே நிகழ்ச்சி இன்னும் பெரிய அளவில் லண்டனின் செல்சியில் நடந்தது. 2000 செப்டம்பரில் அவர் பொறுப்பேற்றார். அடுத்தடுத்த நான்கு பருவங்களில் அணி பெற்ற இடங்கள்: 6, 6, 4, 2. இளைஞரான ஜான் டெர்ரியைத் தடுப்பின் நடுவே நிறுத்தி வளர்த்தவர் அவர். ஃபிராங்க் லாம்பார்டை 2001இல் அழைத்து வந்தவரும் அவரே. 2003 பருவத்தின் கடைசி நாளில் லிவர்பூலை 2-1 என வென்று சாம்பியன்ஸ் லீக்கில் இடம்பிடித்தது செல்சி. அக்கோடையில்தான் ரஷ்யச் செல்வர் ரோமான் அப்ரமோவிச் கழகத்தை வாங்கினார்.

பணம் வந்தது, பொறுமை போனது. புதிய உரிமையாளர் வேறொரு பயிற்சியாளரைத் தேடுகிறார் என்று பருவம் முழுவதும் செய்தித்தாள்கள் எழுதிக்கொண்டே இருந்தன. தம் நாற்காலி விலைபேசப்படுவதை அறிந்தும் ரனியேரி கசப்பின்றிப் பணியைத் தொடர்ந்தார். அவ்வாண்டு செல்சி பெற்ற இரண்டாம் இடம், 1955க்குப்பின் அக்கழகம் அடைந்த மிக உயர்ந்த நிலை. மேலே இருந்தது, பருவம் முழுவதும் ஓர் ஆட்டத்திலும் தோற்காத ஆர்சனல்.

இங்கே அவர் தவற்றையும் எழுதியாக வேண்டும். 2004 ஏப்ரலில் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதலாட்டம் மொனாக்கோவுடன் நடந்தது. 1-1 என்றிருந்த நிலையில் மொனாக்கோ வீரர் ஒருவர் வெளியேற்றப்பட்டார். எதிரணியில் பத்துப் பேரே நின்றனர். அந்நேரத்தில் அமைதியாக இருந்திருந்தால் போதும். ரனியேரியோ வெற்றியைத் துரத்தி ஆட்டக்காரர்களை மாற்றினார், அமைப்பையும் மாற்றினார். அணி குழம்பி 1-3 என வீழ்ந்தது. இரண்டாம் ஆட்டம் 2-2 என முடிந்து வாய்ப்புப் பறிபோனது. ஓயாமல் அணியை மாற்றிக்கொண்டே இருப்பவர் என்ற பட்டப்பெயரை ஆங்கிலப் பத்திரிகைகள் ஏற்கெனவே அவருக்குச் சூட்டியிருந்தன. அன்றிரவு அது ஆழமாகப் பதிந்துவிட்டது.

அப்பருவத்தின் முடிவில் அவரை நீக்கி ஜோஸே மொரின்ஹோவை அமர்த்தினர். அடுத்த இரண்டு ஆண்டுகளும் செல்சி வாகை சூடியது. டெர்ரியும் லாம்பார்டும் அவ்வெற்றிகளின் தூண்களாக நின்றனர். கோப்பையின் மேல் மொரின்ஹோவின் காலம் பொறிக்கப்பட்டது. தூண்களை நிறுத்தியவர் பெயர் அங்கே இல்லை.

சரிவின் ஆண்டுகள்

வெற்றிகளின் பின்புறத்தைப் போலவே தோல்விகளின் பின்புறத்தையும் பார்க்க வேண்டும்.

செல்சிக்கு முன், 1999இல் அவர் அத்லெட்டிகோ மாட்ரிட்டில் இருந்தார். அப்பருவத்தின் நடுவில் கழகத்தின் நிருவாகத்தையே நீதிமன்றம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 2000 மார்ச்சில் அவர் விலகினார். பருவத்தின் முடிவில் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. வீடே ஜப்திக்கு உள்ளான நேரத்தில் சமையற்காரரை மட்டும் குறைசொல்வது சரியன்று. ஆனாலும் அவர் இருந்த மாதங்களில் அணியும் மோசமாகவே ஆடியது. அதை நிருவாகத்தின் மேல் மட்டும் சுமத்த இயலாது.

2004இல் வாலென்சியாவுக்குத் திரும்பியதோ தெளிவாக அவர் கணக்கில் எழுத வேண்டிய இழப்பு. ரஃபா பெனிடெஸ் அவ்வணிக்கு ஸ்பானிய லீக் பட்டத்தையும் யூஈஎஃப்ஏ கோப்பையையும் அதே ஆண்டில் வென்று தந்துவிட்டுப் போயிருந்தார். ரனியேரியின் கையில் தரப்பட்டது செம்மையான அணி. ஐரோப்பிய சூப்பர் கோப்பையை வென்றார். பின்னர் அணி தடுமாறியது. 2005 பிப்ரவரியில் நீக்கப்பட்டார். அதன்பின் இரண்டு ஆண்டுகள் அவருக்குப் பணியே இல்லை.

2007 பிப்ரவரியில் தரமிறக்கத்தின் வாயிலில் நின்ற பர்மா அவரை அழைத்தது. காப்பாற்றினார். அதன் பலனாக யுவென்டஸ் கிடைத்தது. ஊழல் விவகாரத்தில் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டு அப்போதுதான் மீண்டிருந்த அக்கழகத்தை முதலாண்டிலேயே மூன்றாம் இடத்துக்குக் கொண்டுசென்றார். இரண்டாம் ஆண்டில், இரண்டே ஆட்டங்கள் மீதமிருந்தபோது நீக்கப்பட்டார். 2009 செப்டம்பரில் தம் ஊர்க் கழகமான ரோமாவைப் பருவத்தின் தொடக்கத்திலேயே தடுமாறிய நிலையில் ஏற்றார். இன்டர் மிலானைக் கடைசி நாள் வரை துரத்தினார். 82க்கு 80 என்று இரண்டே புள்ளிகளில் பட்டம் நழுவியது. மறு ஆண்டு ஜெனோவாவுக்கு எதிராக 3-0 என முன்னிலையில் இருந்து 3-4 எனத் தோற்றதும் தாமே விலகினார். பின்னர் இன்டர் மிலானில் ஓராண்டுகூட நிறைவடையவில்லை.

பிரான்சின் மொனாக்கோவில் மீண்டும் கை ஓங்கியது. இரண்டாம் பிரிவில் இருந்த கழகத்தை 2013இல் அதன் வாகையராக்கினார். 2014இல் முதற்பிரிவில் 80 புள்ளிகளுடன் இரண்டாம் இடம் பெற்றுத் தந்தார். அதன்பின்னும் கழகம் அவரைத் தொடர விடவில்லை. அங்கிருந்துதான் கிரேக்கத்துக்குப் போனார். ஃபாரோ தீவுகளிடம் தோற்றார்.

கிரேக்கத்தைப் பற்றி ஒரு செய்தியைச் சேர்க்க வேண்டும். நான்கு தகுதிச்சுற்று ஆட்டங்களில் ஒரு சமன், மூன்று தோல்வி என்பது எவ்வகையிலும் பாதுகாக்க முடியாத கணக்கு. ஆனால் அவர் சென்றபின் என்ன நடந்தது? 2015 ஜூனில் கிரேக்கம் அதே ஃபாரோ தீவுகளிடம் மறுபடியும் தோற்றது. தன் பிரிவில் கடைசி இடத்தில் முடிந்தது. நோய் மருத்துவரிடமிருந்து வந்ததன்று என்பது அப்போது தெரிந்தது. நோயை அவர் ஆற்றவில்லை என்பதும் உண்மையே.

லெஸ்டர்: கையில் தரப்பட்டது

2015 ஜூலையில் லெஸ்டர் அவரை அழைத்தபோது இங்கிலாந்தில் வரவேற்பு இல்லை. வியப்பும் ஏளனமும்தான் இருந்தன. முந்தைய பருவத்தில் கிறிஸ்துமஸ் காலத்தில் கடைசி இடத்தில் இருந்த கழகம், நைஜல் பியர்சனின் கீழ் இறுதி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்று 14ஆம் இடத்தில் தப்பியிருந்தது. சூதாட்ட நிறுவனங்கள் அதன் பட்ட வாய்ப்பை ஐயாயிரத்துக்கு ஒன்று என்று மதித்தன. சூது நமக்கு விலக்கப்பட்டது. உலகம் அவ்வணியை எவ்வளவு தாழ்வாக எண்ணியது என்பதற்குச் சான்றாக மட்டும் அவ்வெண்ணைக் குறிக்கிறோம்.

ரனியேரி அங்கே செய்த முதற்செயல், மாற்றாமல் விட்டதுதான். பியர்சனின் உதவியாளர்களை அப்படியே வைத்துக்கொண்டார். ஓயாமல் மாற்றுபவர் என்று பட்டம் பெற்ற அதே மனிதர், அப்பருவத்தில் தம் தொடக்கப் பதினொருவரில் மிகக் குறைவான மாற்றங்களே செய்தார். பத்தாண்டுகளுக்கு முன் மொனாக்கோவில் கற்ற பாடம் என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

வீரர்களும் உலகம் கைவிட்டவர்களே. ஜேமி வார்டி சில ஆண்டுகளுக்கு முன்வரை ஐந்தாம் நிலைப் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தவர். பாரிஸின் புறநகரில் பிறந்த அல்ஜீரிய மைந்தர் ரியாத் மஹ்ரஸ், பிரான்சின் இரண்டாம் பிரிவிலிருந்து சொற்பத் தொகைக்கு வந்தவர். மாலி நாட்டுப் பெற்றோரின் பிள்ளையான என்கோலோ கான்டே, கான் என்னும் சிறு கழகத்திலிருந்து அவ்வாண்டுதான் வந்தார். பிந்தைய இருவரின் பெயரும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடம், சட்டைகளிலும் எழுதிக்கொண்டார்கள். இவர்களைக் கண்டெடுத்த புகழ் ரனியேரிக்கு மட்டும் உரியதன்று. வார்டியும் மஹ்ரஸும் அவருக்கு முன்பே அங்கிருந்தனர். கான்டேயைக் கொண்டுவந்ததில் வீரர் தேடலைக் கவனித்த ஸ்டீவ் வால்ஷின் பங்கு பெரிது. ஒருவரைப் புகழும்போது இன்னொருவரின் பங்கை விழுங்கிவிடக் கூடாது.

ரனியேரியின் பங்கு எது? முதல் ஒன்பது ஆட்டங்களில் ஒன்றில்கூட அவ்வணி எதிரணியைக் கோலடிக்காமல் தடுக்கவில்லை. கோல் வாங்காமல் ஓர் ஆட்டத்தை முடித்தால் அனைவருக்கும் பீட்சா வாங்கித் தருவதாகப் பயிற்சியாளர் சொன்னார். அக்டோபர் 24 அன்று கிரிஸ்டல் பேலஸை 1-0 என வென்றனர். வாக்களித்தபடியே அழைத்துச் சென்றார்; ஆனால் அங்கே அவரவர் பீட்சாவை அவரவர்தாம் மாவு தட்டிச் செய்ய வேண்டியிருந்தது. உழைத்தே உண்ண வேண்டும் என்பதைச் சிரித்த முகத்தோடு அவர் சொல்லித்தந்தார். ஓராசிரியராக நாம் இதை மிகவும் ரசிக்கிறோம்.

தடுப்பு இறுகியது. பருவத்தின் முதற்பாதி 19 ஆட்டங்களில் 25 கோல்கள் வாங்கிய அணி, பிற்பாதி 19இல் வாங்கியவை 11 மட்டுமே. மார்ச் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை தொடர்ந்து நான்கு ஆட்டங்கள் 1-0 என்று வென்றன. பட்டம் பற்றிக் கேட்டவர்களிடம், நாற்பது புள்ளிகள் எடுத்துத் தரமிறக்கத்திலிருந்து தப்புவதே இலக்கு என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். வீரர்களின் தோளில் பாரம் ஏறாமல் காத்த சொல் அது.

முடிவு: 38 ஆட்டங்கள், 23 வெற்றி, 12 சமன், 3 தோல்வி, 81 புள்ளிகள், இரண்டாம் இடத்து ஆர்சனலைவிடப் பத்துப் புள்ளிகள் கூடுதல். 1884இல் தொடங்கிய கழகத்தின் 132 ஆண்டு வரலாற்றில் முதல் உயர்பிரிவுப் பட்டம். ஆங்கில வீரர்கள் தம்முள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டின் சிறந்த வீரர் விருதை மஹ்ரஸ் பெற்றார்; அவ்விருதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவரே.

பட்டம் உறுதியான மே 2 அன்று லெஸ்டருக்கு ஆட்டமில்லை. பின்தொடர்ந்த டாட்டன்ஹாம் அணி, செல்சியின் திடலில் 2-2 எனச் சமன் செய்ததால் பட்டம் முடிவாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ரனியேரியை அனுப்பிவிட்ட அதே திடல். அன்று பகலில் அவர் எங்கே இருந்தார் தெரியுமா? 96 வயதான தம் தாயாருடன் மதிய உணவு அருந்த இத்தாலிக்குச் சென்றிருந்தார். வாழ்வின் மிகப்பெரிய நாளென்று தெரிந்தும் தாயின் உணவுத்தட்டுக்கு முன் உட்கார்ந்திருந்த அம்மனிதரை, கோப்பையைத் தூக்கிய படத்தைவிட நாம் பெரிதாக மதிக்கிறோம்.

லெஸ்டர்: விட்டுச் சென்றது

அடுத்த கோடையில் கான்டேயைச் செல்சி வாங்கிக்கொண்டது. மறு ஆண்டே செல்சி வாகையரானது. லெஸ்டரின் நடுக்களத்தில் விழுந்த ஓட்டை அடைபடவில்லை. சாம்பியன்ஸ் லீக்கில் தன் பிரிவில் முதலிடம் பெற்றாலும், உள்நாட்டு லீக்கில் அணி சரிந்தது. ரனியேரியும் பழைய பழக்கத்துக்குத் திரும்பி, வென்ற அமைப்பை மாற்றிப் பார்த்தார். 2017 பிறந்தபின் லீக்கில் ஒரு கோல்கூட இல்லை. தொடர்ந்து ஐந்து லீக் தோல்விகள். தரமிறக்கக் கோட்டுக்கு ஒரே ஒரு புள்ளி மேலே நின்றபோது, செவில்லாவில் நடந்த ஐரோப்பிய ஆட்டத்தின் மறுநாள், நீக்கப்பட்டார். ஜனவரியில்தான் ஃபிஃபா அவரை 2016ஆம் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் என்று அறிவித்திருந்தது.

உலகம் கொதித்தது. ஒரு காலத்தில் அவரைக் கேலி செய்த மொரின்ஹோவே, தம் சட்டையில் ரனியேரியின் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்துச் செய்தியாளர் முன் அமர்ந்தார். நம் மனமும் அவர் பக்கமே சாய்கிறது. ஆனால் மூன்றாம் கேள்வியை இங்கே மட்டும் விட்டுவிட முடியாது. அவர் சென்றபின் உதவியாளர் கிரேக் ஷேக்ஸ்பியர், பழைய அமைப்புக்கே அணியைத் திருப்பினார். செவில்லாவை வென்று காலிறுதிக்குச் சென்றனர். லீக்கில் 12ஆம் இடத்தில் முடித்தனர். அணிக்குள் உயிர் இருந்தது. கடைசி மாதங்களில் அதை எழுப்பும் கை ரனியேரியிடம் இல்லை. நன்றி மறந்தது கழகத்தின் குறை. கைவிட்டுப்போனதைப் பிடிக்க இயலாதது அவருடைய குறை. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்காது.

முதுமையில் இரு பக்கங்கள்

அதன்பின் அவர் இங்கிலாந்தில் ஏற்ற இரண்டு பணிகளும் தோல்வி. 2018 நவம்பரில் ஃபுல்ஹாம். நான்கு மாதங்கள்கூட நிறையவில்லை. 2021 அக்டோபரில் வாட்ஃபோர்டு. மான்செஸ்டர் யுனைடெட்டை 4-1 என வென்றும், 13 லீக் ஆட்டங்களில் 7 புள்ளிகளே கிடைத்தன. ஜனவரியில் நீக்கினர். இரண்டு கழகங்களும் ஒரே பருவத்தில் மூன்று பயிற்சியாளர்களை மாற்றியவை. அவருக்குப்பின் வந்தவர்களாலும் தரமிறக்கத்தைத் தடுக்க இயலவில்லை.

அதே ஆண்டுகளில் இத்தாலியில் வேறு காட்சி. தடுமாறிய சாம்ப்டோரியாவை 2020இல் காப்பாற்றி, 2021இல் ஒன்பதாம் இடத்துக்கு உயர்த்தினார். பின்னர்க் காலியரி அழைத்தது. மூன்றாம் பிரிவிலிருந்து தூக்கிவிட்ட அந்த இளைஞரை மறவாத தீவு, இரண்டாம் பிரிவில் திணறிய நிலையில், 71 வயதில் அவரைத் திரும்ப அழைத்தது. 2023 ஜூன் 11 அன்று பாரி நகரில் நடந்த தீர்வாட்டத்தின் கூடுதல் நேரத்தில் விழுந்த ஒரே கோலால் காலியரி முதற்பிரிவு ஏறியது. கண்ணீரோடு நின்ற அம்முதியவர், தோற்ற அணியை ஏளனம் செய்த தம் ரசிகர்களை அமைதிப்படுத்தினார். மறு ஆண்டு கழகத்தை அங்கேயே நிலைக்கச் செய்துவிட்டு ஓய்வை அறிவித்தார்.

ஓய்வும் நீடிக்கவில்லை. 2024 நவம்பரில் ரோமா, ஒரே பருவத்தில் இரண்டு பயிற்சியாளர்களை நீக்கிவிட்டு, 12ஆம் இடத்தில் கிடந்தது. 73 வயதில் ஊரின் குரலுக்குச் செவிசாய்த்தார். தொடர்ந்து 19 லீக் ஆட்டங்கள் தோல்வியின்றி நகர்ந்து, 69 புள்ளிகளுடன் ஐந்தாம் இடத்தில் முடித்தார். ஒரே புள்ளியில் சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு நழுவியது. ஆட்டக்காரராகத் தொடங்கிய கழகத்திலேயே பயிற்சியாளர் வாழ்வை முடித்தார்.

கணக்கை முடித்தல்

இனித் தீர்ப்புக்கு வருவோம். ஐரோப்பாவின் பெரிய லீக்குகளில் உயர்பிரிவுப் பட்டம் அவருக்கு ஒன்றே ஒன்று. செல்சி, ரோமா, மொனாக்கோ ஆகிய மூன்றிலும் இரண்டாம் இடம். கோப்பையை மட்டும் எண்ணினால், அவருடைய நாற்பதாண்டுகள் சற்று மெலிந்தே தெரியும்.

மூன்று கேள்விகளை வைத்துப் பார்த்தால் வேறொரு வடிவம் துலங்குகிறது. கீழே கிடந்ததை அவர் கையில் கொடுத்த இடங்களில் பெரும்பாலும் அது எழுந்தது: காலியரி இருமுறை, ஃபியோரென்டினா, பர்மா, மொனாக்கோ, சாம்ப்டோரியா, ரோமா. ஏற்கெனவே உச்சியில் நின்றதை அவர் கையில் கொடுத்தபோது அது வழுக்கியது: 2004இன் வாலென்சியா அதற்குச் சான்று, தாமே உச்சிக்கு ஏற்றிய லெஸ்டர் மற்றொரு சான்று. வீடே ஆட்டம் கண்டிருந்த இடங்களில் அவராலும் எதுவும் இயலவில்லை: அத்லெட்டிகோ, கிரேக்கம், வாட்ஃபோர்டு.

ஆக, அவர் இடிந்த சுவரைச் செப்பனிடும் தேர்ந்த கொத்தனார். அவரிடம் ஏன் அரண்மனை கட்டவில்லை என்று கேட்பது நீதமன்று. அவர் பூசிய சுவர் சில இடங்களில் மீண்டும் பெயர்ந்ததை மறைப்பதும் நீதமன்று. அப்படிப்பட்ட ஒருவர் வாழ்வில் ஒரேயொரு முறை அரண்மனையும் எழுப்பினார் என்பதே லெஸ்டரின் வியப்பு.

அடுத்த முறை நம் பிள்ளை ஒரு பயிற்சியாளரை 'வேஸ்ட்' என்று சொல்லும்போது, அவனை அதட்ட வேண்டாம். 'அவர் கையில் என்ன கொடுத்தார்கள்? அவர் என்ன செய்தார்? போனபின் என்ன ஆயிற்று?' என்று கேட்போம். பதில் தேடும் வேளையில் அவன் நீதமாக எடைபோடக் கற்றுக்கொள்வான். அதே மூன்று கேள்விகளை, நாமும் நம் அண்டை வீட்டாரைப் பற்றியும் உறவினரைப் பற்றியும் பேசத் தொடங்கும் முன் ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.